வண்டி எல்லை தாண்டும், நிறுத்தாதே

தம்பி,

நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து நீ சிங்கப்பூர் திரும்பிய வாரம், போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தி, "வண்டியில ஏத்தும்போது உசுரு இருந்துச்சாம்மா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நான் பொய் சொல்லி நீ கேட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும், அதனால் உனக்கும் அது தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை பெய்ததா, மாத்திரை போட்டீங்களா, நாற்று விட்டாச்சா என்று பேசியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டோம். போன வாரம் நீ அனுப்பிய செய்தியில், தலைத்திவசத்துக்கு லீவு கிடைக்கவில்லை, சித்தப்பா மகனை வைத்துச் செய்துகொள்ளுங்கள், டிராக்டரையும் அப்படியே விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். லீவு அல்ல காரணம் என்று எனக்குத் தெரியும். இனியும் நான் அடுப்பில் பால் வைக்க முடியாது.

இதை உனக்கு மட்டும் எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் அன்று நடந்ததைப் பற்றி நம் தெருவில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சிலது உன்மேல் இரக்கப்பட்டுச் சொல்வது, சிலது வாய் ருசிக்குச் சொல்வது. உன்னைப் போலப் பிள்ளைகள் எங்கோ உட்கார்ந்துகொண்டு டிராக்டருக்கும் மோட்டாருக்கும் கருவி மாட்டிக் காவல் காக்கிற வீடுகள் நம் ஊர் போலகத்தைச் சுற்றி இப்போது நிறைய இருக்கின்றன. அந்தப் பெற்றோரும் பிள்ளைகளும் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ளட்டும். உன் பெயரை நான் எழுதவில்லை. கூப்பிடுகிற பெயர் போதும்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அம்பகரத்தூர் அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சைக்கிளில் போய், சைக்கிளைத் தொலைத்துவிட்டு வந்தாய். பூட்டினாயா என்று கேட்டேன். பூட்டவில்லை என்று உண்மையைச் சொன்னாய். உண்மை சொன்னதற்காக அடிக்கவில்லை. ஆனால் அந்த வருஷப் பரீட்சை முடியும் வரை நடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சொன்னேன். பொருளை விட்டவன்மேல் முதல் குற்றம், எடுத்தவன்மேல் அடுத்த குற்றம் என்பது கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொன்னது. ரப்பர் தொலைத்தவளும் அங்கே முட்டி போடுவாள். உன் அப்பா தெருமுனை வரை காத்திருந்து உன்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உன் செருப்பில் புழுதி இல்லாததைப் பார்த்தே எனக்குத் தெரியும். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இளகியவர், நான் கறாரானவள், இரண்டும் ஒரு வீட்டில் இருந்தால் பிள்ளை நேராக வளரும் என்று ஒரு எண்ணம். வளர்ந்தாய். அதற்குப் பிறகு நீ எதையும் பூட்டாமல் விட்டதே கிடையாது.

நம் போர் செட்டு மோட்டார் திருடு போனதை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தார், யாரோ உங்கள் மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று. அப்பா என்ன செய்தார்? எரிந்த காயிலை மாற்றிக் கட்ட எலக்ட்ரீஷியன் எடுத்துப் போகிறாரோ என்று அவருக்குப் போன் போட்டு, சாப்பிட்டாச்சா, பேத்திக்குக் காய்ச்சல் விட்டுதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மோட்டாரைப் பற்றி மெதுவாகக் கேட்டார். எடுத்தவர்மேல் சந்தேகப்பட்டதாக இருக்கக் கூடாதாம். அதற்குள் வண்டி வாஞ்சூரைத் தாண்டிவிட்டது. வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. நம் வயலிலிருந்து பார்த்தால் தெரிகிற பனைமரம் வேறு மாநிலம், அங்கே போய்விட்ட பொருளைத் தேட வேறு ஸ்டேஷன், வேறு காகிதம், வேறு அலைச்சல். காரைக்காலில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும், திருடனுக்கும் தெரியும். மோட்டார் போனது போனதுதான்.

அடுத்த லீவில் வந்தபோது நீ டிராக்டருக்கு அந்தக் கருவியை மாட்டினாய். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே ஒரு சிம், டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்துகிற ஒரு ஒயர். வண்டி எங்கே நிற்கிறது என்று உன் போனில் ஒரு புள்ளி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பா, "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி டிராக்டருக்குக் கட்டிட்ட. எனக்கும் ஒண்ணு கட்டி வுட்டுடு தம்பி, உங்கம்மாவுக்குத் தேடுற வேலை மிச்சம்" என்றார். வண்டி தாண்டக் கூடாத எல்லையைப் படத்தில் விரலால் வரைய வேண்டும், தாண்டினால் உன் போனில் மணி அடிக்கும், பொத்தானை அழுத்தினால் வண்டி நின்றுவிடும் என்றாய். நீ வயலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய். வட்டமெல்லாம் வேண்டாம், காரைக்கால் எல்லையே நம் எல்லை, அதைத் தாண்டினால்தான் நமக்கு ஆபத்து என்று போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்க்காலும் வரப்புமாக வளைந்து போகிற அந்தக் கோட்டை நானே வரைந்தேன். பூகோளத்தில் பரிசு வாங்கியவள் அல்லவா. கோணல் இல்லாமல் வரைந்ததற்கு உன்னிடம் பாராட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று இன்னும் இரண்டு காரியம் சொன்னேன். மணி அடித்தால் அப்பாவைப் போல விசாரித்துக்கொண்டு நிற்காதே, முதலில் நிறுத்து, பிறகு கேள் என்றேன். நீ அதை என் வார்த்தையாகவே வைத்துக்கொண்டாய். இன்ஜினை நிறுத்துகிற ஒயர் இருப்பது செல்வராசுவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். அப்பா முகம் சுளித்தார். செல்வராசு நம் வண்டியைப் பல வருஷமாக ஓட்டுகிறான், அவனிடம் என்ன மறைப்பு என்றார். நம்பிக்கை வேறு, நிர்வாகம் வேறு என்று நான் சொன்னதும் பேச்சு முடிந்தது. நம் வீட்டில் நான் பேசினால் பேச்சு முடிந்துவிடும் என்பது எனக்கு அப்போது ஒரு பெருமையாக இருந்தது.

ஒரு முறை அது வேலையும் செய்தது. உன் மாமா வீட்டில் உளுந்து அடிக்க அப்பாவே வண்டியை ஓட்டிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போனார். நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. உடனே புரிந்துகொண்டு உனக்குப் போன் செய்தார், நீயும் விடுவித்தாய். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்னையே திருடன்னு புடிச்சுட்டான், நல்ல காவல்காரன்" என்று டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர் வெளியில் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது உன் சம்பளத்தை அல்ல தம்பி, இதைத்தான்.

இனி அந்த நாள்.

கார்த்திகை மழை. சம்பாப் பயிர் மூழ்கிக்கொண்டிருந்தது. கரை உடைப்புக்கு மணல் மூட்டை போட அப்பாவும் செல்வராசுவும் டிரெய்லரோடு போயிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வர வேண்டியவர்களைக் காணோம் என்று வாசலுக்கு வந்து பார்த்தால், முழங்கால் தண்ணீரில் டிராக்டர் வருகிறது. செல்வராசுவின் முகம் மட்டும் தெரிகிறது. டிரெய்லரில் தார்ப்பாயின்மேல் அப்பா படுத்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். காரைக்காலிலிருந்து வருகிற சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். தெருத் தண்ணீரில் கார் வராது. தெற்கே நாகூர்ப் பக்கம் மேட்டுச் சாலை. "நாகப்பட்டினத்துக்கே போயிடுவோம்மா, இந்த வண்டிதான் தண்ணியில போவும்" என்றான் செல்வராசு. நான் டிரெய்லரில் ஏறினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதில் ஏறியதில்லை. ஏறி உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸுக்குப் பேசிய என் போன் ஃப்ரிட்ஜின்மேல் இருந்தது. அப்பாவின் போன் மழைக்குப் பயந்து மோட்டார் கொட்டகையில் மாட்டி வைத்தபடி இருந்தது. செல்வராசுவின் போன் நனைந்து செத்துப்போயிருந்தது. நீ மூன்று பேருக்கும் அழைத்திருக்கிறாய் என்று பின்னால் பார்த்தேன். அன்று நீ விசாரிக்காமல் நிறுத்தவில்லை. என் சொல்லை மீறி, முதலில் கேட்கத்தான் பார்த்திருக்கிறாய். கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் நிறுத்தினாய்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். வண்டியில் ஏற்றும்போது உயிர் இருந்தது. சித்தப்பா உன்னிடம், அண்ணன் வயலிலேயே போய்விட்டார், வண்டி நின்றதும் நிற்காததும் ஒன்றுதான் என்று சொன்னாராம். உன்மேல் உள்ள பிரியத்தில் சொன்னது. அது உண்மை இல்லை. வாஞ்சூர்ச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றபோதும் உயிர் இருந்தது, நினைவும் இருந்தது.

செல்வராசு டீசலில் காற்று பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கி, பானட்டைத் திறந்து மழையில் குழாயைக் கழற்றினான். அவனுக்கு வேறென்ன தெரியும்? நாம் சொல்லவில்லையே. எல்லைச் சாராயக்கடையிலிருந்து வந்த ஆட்கள், நான் என் வாழ்நாளில் ஏறிட்டுப் பார்க்காத ஆட்கள், தள்ளாடிக்கொண்டே வந்து டிராக்டரைத் தள்ளினார்கள். தள்ளியும் பிடிக்கவில்லை. எனக்கும் அந்த ஒயர் நினைவுக்கு வரவில்லை தம்பி. சட்டம் போட்ட எனக்கு வரவில்லை. அவருக்கு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "தம்பி பாத்துட்டான்" என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை வலி என்று மட்டும் சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். மாமா வீட்டு உளுந்துக்குப் போய்வந்து சிரித்தாரே, அதில் கொஞ்சம் இருந்தது. "காவல்லதான் இருக்கான்" என்றார்.

அதைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது, பிள்ளையிடம் பேச வேண்டும் என்றேன். தள்ளியவர்களில் ஒருவர் போனை நீட்டினார், "பேசுங்கம்மா, பையன் நம்பர சொல்லுங்க" என்று. உன் நம்பர் எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தெரியும். கான்வென்ட்டில் பாடிய பிரெஞ்சுப் பாட்டு அடி பிசகாமல் தெரியும். உன் பெயரைத் தொட்டால் நீ வருவாய் என்று பழகிவிட்டதால் உன் நம்பரை ஒரு நாளும் மனப்பாடம் செய்யவில்லை. அந்த மனிதர் போனை நீட்டியபடியே நின்றார். அந்தக் கையை நான் தினமும் பார்க்கிறேன்.

மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் நிறுத்தி, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கத் தொடங்கினார். அது காலியாகிற வரை அப்பாவின் கை என் கையில் இருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "அவன திட்டாத." அவ்வளவுதான் கேட்டது. ஆட்டோவில் தூக்கி வைக்கும்போது உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நாகப்பட்டினத்தில் டாக்டர் பார்த்துவிட்டு இல்லை என்றார். முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்வது? பிழைத்திருப்பார் என்றும் சொல்ல மாட்டேன், பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு வருஷம் அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இருந்தேன்.

நீ அங்கிருந்து சித்தப்பாவுக்குப் போன் செய்து, டிராக்டரைத் திருடிக்கொண்டு போகிறார்கள், நிறுத்தியிருக்கிறேன், ஓடிப்போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தபோது வண்டி மட்டும் நின்றது. செல்வராசு எங்களோடு ஆட்டோவில் வந்துவிட்டான். டிரெய்லரில் கிடந்த என் குடையை அடையாளம் தெரியாமல், "வண்டி கெடச்சிருச்சு தம்பி, விட்டுட்டு ஓடிட்டானுவ" என்று உன்னிடம் சொன்னாராம். நீ சந்தோஷப்பட்டாய். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய் என்று உன் நண்பன் காரியத்துக்கு வந்தபோது அழுதுகொண்டே சொன்னான். அந்த டீயை நினைத்து நீ எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

திட்டாதே என்று அவர் சொன்னதை நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடுஞ்சொல் உன்னைச் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். நம் வீட்டில் நான் பேசாமல் இருப்பதுதான் பெரிய திட்டு என்பது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சைக்கிள் தொலைந்த வருஷம் நீ நடந்ததைப் போல இந்த வருஷமும் உன்னை நடக்க விட்டுவிட்டேன். தெருமுனையில் மொபெட்டோடு நிற்க அவர் இல்லை.

உன்மேல் ஒன்றும் இல்லை, நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி உன்னைச் சின்னப் பிள்ளையாக்க மாட்டேன். நிறுத்தியது உன் விரல். எல்லை வரைந்தது என் விரல். முதலில் நிறுத்து என்றது என் வாய். செல்வராசுவிடம் சொல்லாதே என்றதும் நான்தான். அவனிடம் போன மாதம்தான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் "என்கிட்ட சொல்லியிருக்கலாம்மா, அந்த ஒயர புடுங்கிப் போட்டுருப்பேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். இப்போது அந்த ஒயர் எங்கே என்று அவனுக்குத் தெரியும். உன் நம்பர் டிரெய்லர் பலகையின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. எனக்கும் மனப்பாடமாகிவிட்டது, நடுவில் கேட்டாலும் சொல்வேன். இதைப் படிக்கிற மற்ற வீட்டுக்காரர்களே, கருவி மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், திருடன் இருக்கத்தான் இருக்கிறான். ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் மாட்டாதீர்கள்.

டிராக்டரை நான் விற்கப் போவதில்லை. கருவியையும் கழற்றவில்லை. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துபோனது என்று கடைக்காரர் சொன்னபோது, போடுங்கள் என்றேன். நீ அந்தப் புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டாயோ, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாயோ, தெரியாது. பார்த்தால், அது நம் கொட்டகையிலும் வயலிலுமே நிற்பதைத்தான் பார்த்திருப்பாய். அன்றிலிருந்து வண்டி வயலைத் தவிர எங்கும் போகவில்லை. வாஞ்சூர்ப் பக்கம் திருப்ப செல்வராசுவுக்குக் கை வரவில்லை, எனக்கும் சொல்ல நா வரவில்லை.

திவசத்துக்கு வா. பிண்டம் வைக்க வேண்டியது உன் கை. சித்தப்பா மகன் வைத்தால் அப்பா வாங்கிக்கொள்வார், அவர் யார் கொடுத்தாலும் வாங்குகிறவர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வர முடியவில்லை என்றால் இதையாவது செய். அன்று மத்தியானம், காரியமெல்லாம் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்தபின், செல்வராசு டிராக்டரை எடுப்பான். நான் டிரெய்லரில் ஏறி உட்காருவேன். வாஞ்சூர்ச் சாவடியைத் தாண்டுவோம், அன்று நின்ற இடத்தைத் தாண்டுவோம், அன்று இந்த வண்டி போய்ச் சேராத வழி முழுவதையும் போய், அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். உன் போனில் மணி அடிக்கும். அந்தச் சத்தத்தை நீ இனிக் கேட்கவே கூடாது என்று நினைத்திருப்பாய். எடுத்துப் பார். புள்ளி நான் வரைந்த கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும். பொத்தான் இன்னமும் உன்னிடம்தான் இருக்கிறது.

நிறுத்தாதே தம்பி. நாங்கள்தான் போகிறோம்.

அம்மா